உறைநிலையில் இருக்கும் கருக்களை ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். பெங்களூரில் ஐவிஎஃப் (உடம்புக்கு வெளியே கரு உண்டாக்கும்) சிகிச்சை எடுத்து ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டாள். இனி குழந்தை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டீர்கள். மருத்துவமனையில் உங்கள் கருக்கள் மூன்று உறைநிலையில் இருக்கின்றன. இந்த ஆண்டுக்கான கட்டணச் சீட்டோடு ஒரு படிவமும் வந்திருக்கிறது. சேமிப்பைத் தொடர்வதா, அழிய விடுவதா, ஸ்டெம் செல் (உடம்பின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) உள்ளிட்ட ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறார்கள். சேலத்திலிருந்து வந்திருக்கும் மாமியார் "அதுவும் உயிர்தானே, பாவம் பிடிக்கும்" என்கிறார். கணவரோ "இப்போதெல்லாம் தோலிலிருந்தே ஸ்டெம் செல் செய்கிறார்கள், கரு எதற்கு?" என்கிறார். கடைசியில் "கொடுப்பது தப்பா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கருவுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பது மாமியாரின் கேள்வி. வேறு வழி இருக்கும்போது கருவைத் தொடுவது நியாயமா என்பது கணவரின் கேள்வி. கொடுத்த பிறகு அதற்கு என்ன நடக்கும், யாரை நம்பிக் கொடுப்பது என்பதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் தயக்கத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் செல் உயிரியல் படித்தவன். இதே ஊரில் ஓர் ஆய்வகத்தில் மனித ஸ்டெம் செல்களைப் பல ஆண்டுகள் வளர்த்திருக்கிறேன். இப்போது ஒரு நிறுவனத்தில் இப்படிப்பட்ட ஆராய்ச்சித் திட்டங்களைப் படித்து அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுவில் இருக்கிறேன். வக்கீல் இல்லை. மத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்குக் கிடையாது. எங்கே அறிவியல் முடிந்து என் சொந்தக் கருத்து தொடங்குகிறதோ அங்கே அதைச் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்குவோம். ஐவிஎஃப்-இல் உறைய வைப்பது பெரும்பாலும் ஐந்தாம் நாள் கரு. பிளாஸ்டோசிஸ்ட் என்பார்கள். நூறு முதல் இருநூறு செல்கள் வரை இருக்கும் ஒரு நுண்ணிய உருண்டை. வெளிச்சுவர் பின்னால் நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு செல் கூட்டம்தான் குழந்தையாக வளரக்கூடியது. நரம்பு, இதயத் துடிப்பு, வலி எதுவும் அந்தக் கட்டத்தில் இல்லை. ஸ்டெம் செல் எடுப்பவர்கள் அந்த உள் கூட்டத்தைப் பிரித்து வளர்ப்புத் தட்டில் வளர்க்கிறார்கள். அதோடு அந்தக் கரு கருவாக இருப்பது முடிந்துபோகிறது. இதை "செல் தானம்" என்று பூசி மெழுகிச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. கரு அழிகிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் யாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அழிகிறது என்பதாலேயே அது கொலையா? இதற்கு அறிவியல் பதில் சொல்லாது, சொல்லவும் முடியாது. கருவுற்ற கணத்திலிருந்தே அது ஒரு மனித உயிரின் தொடக்கம் என்பது உயிரியலில் உண்மை. அந்தத் தொடக்கத்துக்கு உங்கள் மகளுக்கு இருக்கும் அதே உரிமை உண்டா என்பது உயிரியல் கேள்வி இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை உண்டு என்கிறது. யூத மரபில் கருப்பைக்கு வெளியே இருக்கும் கருவுக்கு அந்த நிலை இல்லை என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள். இஸ்லாமிய அறிஞர்களில் பலர் உயிர் ஊதப்படும் நாளை நாற்பது அல்லது நூற்றிருபது என்று கணக்கிடுகிறார்கள். இந்து மரபில் ஒரே குரல் இல்லை. கருவைப் போற்றுவதும் உண்டு, கருவழிப்பைப் பெரும்பாவமாகச் சொல்வதும் உண்டு. ஆனால் கண்ணாடித் தட்டில், தாயின் வயிற்றுக்கு வெளியே, ஐந்து நாள் வளர்ந்த ஒரு கருவைப் பற்றி எந்தப் பழைய நூலும் யோசித்திருக்க வழியில்லை. ஆகவே உங்கள் மாமியார் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். உலகம் முழுக்கப் படித்தவர்கள் நாற்பதாண்டாக வாதாடும் விஷயத்தைத்தான் அவர் நான்கு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்.

அந்த வாதத்தில் ஒரு நடுக்கோடு பதினான்காம் நாள். 1984-இல் பிரிட்டனில் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது, 1990-இல் அங்கே சட்டமானது. நம் நாட்டு வழிகாட்டு நெறியும் அதையே ஏற்றிருக்கிறது. ஏன் பதினான்கு? ஏறக்குறைய அந்த நாளில்தான் கருவின் மேல் ஒரு கோடு தோன்றி, தலை எது, வால் எது, இடம் எது, வலம் எது என்று தீர்மானமாகிறது. அதுவரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம். ஒன்றா இரண்டா என்றே முடிவாகாத ஒன்றை ஒரு நபர் என்று எப்படிச் சொல்வது என்பது அந்தப் பக்கத்தின் வலுவான வாதம். என் மனத்துக்கு இது ஓரளவு நியாயமாகப் படுகிறது. அதே நேரம், அந்தக் கோடு மனிதர்கள் பேசி முடிவு செய்து போட்டது, இயற்கை எழுதி வைத்ததில்லை. 1990-இல் யாராலும் ஒரு கருவை அவ்வளவு நாள் தட்டில் வளர்க்க முடியாது. 2016-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரண்டு குழுக்கள் பன்னிரண்டு, பதின்மூன்று நாள்வரை வளர்த்துவிட்டு, விதிக்குக் கட்டுப்பட்டு நிறுத்தின. 2021-இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கம் தன் "கூடவே கூடாது" பட்டியலிலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டது. கை எட்டாத உயரத்தில் வேலி போடுவது எளிது. கை எட்டியதும் வேலியை நகர்த்தச் சொல்கிறார்கள் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

ஆதரவுப் பக்கத்தில் அடிக்கடி சொல்லப்படும் இரண்டு வாதங்களை நான் அப்படியே ஏற்பதில்லை. ஒன்று, இயற்கையாகவே கணிசமான கருக்கள் கருப்பையில் ஒட்டாமல் போய்விடுகின்றன, ஆகவே இது பெரிய விஷயமில்லை என்பது. தானாகப் போவது வேறு, நாம் எடுப்பது வேறு. இன்னொன்று, எப்படியும் குப்பைக்குப் போகிற கருதானே என்பது. இதில் பாதி நியாயம் உண்டு. நீங்கள் இனி குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு, வேறு தம்பதிக்கும் கொடுக்க விரும்பாவிட்டால், அந்த மூன்று கருக்களும் வளரப்போவதில்லை. ஆராய்ச்சிக்குக் கொடுப்பதால் ஒரு குழந்தை இல்லாமல் போவதில்லை. ஆனால் இந்த வாதம் ஏற்கனவே மிஞ்சிய கருவுக்கு மட்டும்தான் பொருந்தும். ஆராய்ச்சிக்கென்றே கருவை உண்டாக்குவதற்குப் பொருந்தாது. மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே கூடுதலாக முட்டை எடுத்துக் கரு செய்வதற்கும் பொருந்தாது. நம் நாட்டு நெறியும் மிஞ்சிய கருவிலிருந்து செல் எடுப்பதை அனுமதித்து, ஆராய்ச்சிக்காகவே கரு உருவாக்குவதைத் தனிக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறது. இது சரியான இடம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஒவ்வொரு கருவுக்கும் பின்னால் ஒரு பெண்ணின் உடம்பு இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, வயிறு வீங்கி மூச்சு வாங்கும் அபாயம், மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுப்பது என்று எல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் பட்டிருக்கிறீர்கள். தென் கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்பவர் 2004, 2005-இல் குளோனிங் (ஒருவருடைய செல்லிலிருந்து அவருடைய மரபணு நகலாகக் கரு உண்டாக்குவது) மூலம் மனித ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக அறிவித்தார். அத்தனையும் பொய் என்று தெரிந்து 2006-இல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குப் பெண்களிடமிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் எடுக்கப்பட்டிருந்தன. கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண்ணும் உண்டு. கருவின் உரிமையைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த நாள்களில் அந்தப் பெண்களைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. 2006-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லுக்குள் நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தி, கருவின் ஸ்டெம் செல் போன்ற நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோனார். 2007-இல் மனித செல்லிலும் முடிந்தது. 2012-இல் நோபல் பரிசு. ஐபிஎஸ் செல் என்று இப்போது எல்லோரும் சொல்வது இதைத்தான். கரு வேண்டாம், முட்டை வேண்டாம், கொஞ்சம் தோலோ ரத்தமோ போதும். அந்தச் செய்தி வந்தபோது ஆய்வகங்களில் இருந்த எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. அறநெறிச் சிக்கல் தீர்ந்தது என்று பலர் எழுதினார்கள்.

தீரவில்லை. யமனாகா அந்த நான்கை எப்படிக் கண்டுபிடித்தார் என்று பாருங்கள். இருபத்துநான்கு மரபணுக்களிலிருந்து வடிகட்டினார். அந்த இருபத்துநான்கும் கருவின் ஸ்டெம் செல்லில் முக்கியமானவை என்று முன்பே தெரிந்திருந்தவை. ஐபிஎஸ் செல்லை எதில் வளர்ப்பது, எப்படி நரம்பாகவோ இதயத் தசையாகவோ மாற்றுவது என்பதும் பெரும்பாலும் கருச் செல்லில் கற்றுக்கொண்டதுதான். உரைகல் இல்லாமல் பொன்னைச் சோதிக்க முடியாதது போல, மாற்றி எடுத்த செல் சரியாக மாறியிருக்கிறதா என்று பார்க்கக் கருச் செல்லோடு ஒப்பிட வேண்டியிருந்தது, பல வேலைகளில் இன்றும் இருக்கிறது. ஐபிஎஸ் செல்லுக்கென்று சொந்தச் சிக்கல்களும் உண்டு. முதலில் பயன்படுத்திய நான்கு மரபணுக்களில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புள்ளது. 2014-இல் ஜப்பானில் ஒரு பெண்ணின் விழித்திரைக்கு அவருடைய சொந்த ஐபிஎஸ் செல்லிலிருந்து செய்த திசுவை வைத்தார்கள். அடுத்த நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் நிறுத்திவிட்டார்கள்.

ஐபிஎஸ் செல்லும் கருச் செல்லும் இன்று எவ்வளவு நெருங்கி வந்துவிட்டன என்பதற்கு, கை கால் நடுங்கும் மூளை நோயான பார்க்கின்சன் பற்றி 2025 ஏப்ரலில் நேச்சர் அறிவியல் இதழில் வந்த இரண்டு ஆய்வுகளே சாட்சி. கியோட்டோவில் ஏழு நோயாளிகளுக்கு ஐபிஎஸ் செல்லிலிருந்து செய்த நரம்புச் செல்களை மூளையில் வைத்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பன்னிரண்டு பேருக்குக் கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து செய்தவற்றை வைத்தார்கள். இரண்டிலும் செல்கள் பிழைத்தன, அவற்றால் பெரிய ஆபத்து வரவில்லை. நோய் குறைகிறதா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அமெரிக்க ஆய்வின் செல்கள், 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் விஸ்கான்சினில் முதன்முதலாக மனிதக் கருவிலிருந்து எடுத்த ஐந்து செல் லைன்களில் (ஒரே கருவிலிருந்து வந்து தட்டில் பெருகிக்கொண்டே இருக்கும் செல் வரிசை) ஒன்றிலிருந்து வந்தவை. ஐவிஎஃப் தம்பதிகள் கொடுத்த முப்பத்தாறு கருக்களில் தொடங்கி ஐந்தே ஐந்து லைன் கிடைத்தது. அந்த ஒன்று இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் பெருகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இன்று ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு வண்டி வண்டியாகக் கருக்கள் தேவைப்படுவதில்லை. "உங்கள் கரு இல்லாவிட்டால் மருத்துவமே நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "இனி கருவே வேண்டாம்" என்பதும் அதே அளவுக்கு மிகைதான்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 2001-இல் அமெரிக்க அதிபர் புஷ், ஏற்கனவே இருக்கும் லைன்களுக்கு மட்டும்தான் அரசுப் பணம் என்று அறிவித்தபோது, உலகம் முழுக்க அறுபதுக்கும் சற்று அதிகமான லைன்களைப் பட்டியலிட்டார்கள். அதில் மூன்று பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்துடையவை, ஏழு மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸ் நிறுவனத்துடையவை. பின்னால் ஜக்கூரில் இருக்கும் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் மனீஷா இனாம்தாரின் குழு, தரம் குறைவு என்று ஒதுக்கப்பட்ட, கருப்பையில் வைக்கவே முடியாத கருக்களிலிருந்து இரண்டு லைன்களை உருவாக்கியது. எனக்கு அது மிகவும் மனநிறைவு தந்த வேலை. வளர வாய்ப்பில்லாத கருவிலிருந்தும் நல்ல செல் கிடைக்கும் என்றால், வாய்ப்புள்ள கருவைத் தொட வேண்டிய கட்டாயம் குறைகிறது.

கரு சாராத இன்னொரு வழி உடம்பிலேயே இருக்கும் ஸ்டெம் செல். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நம் நாட்டில் 1983-இல் மும்பை டாடா மெமோரியலிலும் 1986-இல் வேலூர் சிஎம்சி-யிலும் தொடங்கிவிட்டது. அதே வேலூரில், கடுமையான ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய சொந்த ரத்த ஸ்டெம் செல்லில் குறையுள்ள மரபணுவுக்கு மாற்றைச் செலுத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு ரத்தக் கசிவு நின்றது என்று 2024 இறுதியில் முடிவு வெளியானது. இதில் அறநெறித் தயக்கம் எதுவும் எனக்கில்லை. ஆனால் ரத்த ஸ்டெம் செல் ரத்தத்தைத்தான் செய்யும். மூளை நரம்பையோ கணையச் செல்லையோ அதனிடம் எதிர்பார்க்க முடியாது. தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்தால் எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்பவர்கள் மறைப்பதும் இதைத்தான்.

மாற்று வழியிலும் கேள்விகள் வேறு உருவில் வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் அருகிலுள்ள ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, மனநோய் பல தலைமுறையாக உள்ள குடும்பங்களின் ரத்தத்திலிருந்து ஐபிஎஸ் செல் செய்து ஆராய்கிறார்கள். மிக அவசியமான வேலை. ஆனால் ஒருவர் கொடுக்கும் சில துளி ரத்தத்தில் அவருடைய அண்ணன், அக்கா, பிறக்கப்போகும் பேரன் எல்லோருடைய மரபணு ரகசியமும் அடங்கியிருக்கிறது. கல்யாணச் சந்தையில் அந்தத் தகவல் கசிந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதைவிட ஆழமான சிக்கலும் உண்டு. 2021-இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில், தோல் செல்களை மாற்றி, பிளாஸ்டோசிஸ்டைப் போலவே இருக்கும் உருண்டைகளைச் செய்தார்கள். 2023-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் விந்தும் முட்டையும் இல்லாமல், ஸ்டெம் செல்லிலிருந்து பதினான்கு நாள் கருவை ஒத்த மாதிரி வந்தது. அவை குழந்தையாக முடியாது என்று அவற்றைச் செய்தவர்கள் சொல்கிறார்கள், இன்றைய நிலையில் அது சரி. ஆனால் கருவைத் தவிர்க்கத் தோலுக்குப் போன பாதை சுற்றிக்கொண்டு கருவின் வாசலுக்கே வந்து நிற்கிறது. "தோல் என்றால் தொல்லை இல்லை" என்று உங்கள் கணவர் நினைத்தால் இதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி கருக்களைப் பத்தாண்டுக்கு மேல் சேமிக்கக் கூடாது. அதன் பிறகு அழிய விட வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். கருவை விற்க முடியாது, ஆராய்ச்சிக்கென்று வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 நெறிப்படி, புதிய லைன் எடுக்கும் திட்டத்துக்கு அந்த நிறுவனத்தின் அறநெறிக் குழுவும் ஸ்டெம் செல் குழுவும் அனுமதி தர வேண்டும். பதினான்கு நாளுக்கு மேல் கருவை வளர்க்கக் கூடாது. குளோனிங் முறையில் மனிதக் குழந்தையை உண்டாக்க இடமே இல்லை. சம்மதம் இருவருடையதும் வேண்டும், பயன்படுத்தும் முன்புவரை திரும்பப் பெறலாம். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் குழுவுக்குக் குழு கவனம் மாறுபடும் என்பதை உள்ளே இருந்து பார்க்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நடப்பதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. ஆட்டிசம், மூளை வாதம், தண்டுவடக் காயம் என்று எதற்கெடுத்தாலும் "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று விளம்பரம் செய்து, பெற்றோரிடம் லட்சக்கணக்கில் வாங்கும் கிளினிக்குகள் நம் பெருநகரங்களில் இருக்கின்றன. ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று போன்ற நிரூபணமான சிலவற்றைத் தவிர மற்றவை ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றன என்று அதே 2017 நெறி தெளிவாகச் சொல்கிறது. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும் தாய் தகப்பனைப் பார்த்திருக்கிறேன். நூறு செல் கருவின் உரிமைக்காக மணிக்கணக்கில் வாதாடும் நாம், நான்கு வயதுப் பிள்ளையின் முதுகில் தேவையில்லாமல் ஊசி குத்துவதைப் பற்றி ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறோம்? உங்கள் கருவிலிருந்து வந்த செல் இப்படிப்பட்ட இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் முதல் அக்கறை.

என் சொந்தக் கருத்து இது. இனி வளர்க்கப்போவதில்லை என்று நீங்கள் இருவரும் மனதார முடிவு செய்த கருவை, முறையான அனுமதி பெற்ற, நிஜமான ஓர் ஆராய்ச்சிக்குக் கொடுப்பது தப்பில்லை. கொடுக்காமல் இருப்பதும் தப்பில்லை. காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை. மாமியாரின் மனசு கேட்கவில்லை, உங்கள் மனசும் உள்ளுக்குள் அதையேதான் சொல்கிறது என்றால், அழிய விடுங்கள். சில மருத்துவமனைகளில் கேட்டால் அந்த நேரத்தில் அருகில் இருக்க விடுவார்கள். ஒரு விளக்கேற்றி வைத்துக் கும்பிட்டுக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கொடுப்பது என்று முடிவு செய்தால், வந்திருக்கும் படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். "ஸ்டெம் செல் உள்ளிட்ட ஆராய்ச்சி" என்ற சொல் மிக அகலமானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்ட்ரைஃபர் 2008-இல் புஷ் காலத்து லைன்களின் சம்மதப் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது, பலவற்றில் தம்பதியிடம் சொல்ல வேண்டியதையே சொல்லவில்லை என்று காட்டினார். எந்த நிறுவனம், என்ன திட்டம், அதன் குழு அனுமதி எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அழியாமல் வளரும் செல் லைன் செய்வார்களா, அல்லது கருவை உறையவைத்து எடுக்கும் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். லைன் செய்தால் அது நிறுவனங்களுக்கு விற்கப்படலாமா, அதிலிருந்து விந்து, முட்டை, கரு மாதிரி போன்றவற்றைச் செய்யலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்று படிவத்திலேயே எழுதுங்கள். உங்களுக்குச் சிகிச்சை தந்த டாக்டரே அந்த ஆராய்ச்சியையும் நடத்துகிறார் என்றால், வேறொருவர் உங்களோடு பேசிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதில் வரும்வரை இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிச் சேமிப்பைத் தொடருங்கள். கருக்களை உறையவைத்த தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பத்தாண்டில் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரிய அது வேண்டும்.